குடை யார் கையில்

என் ஓரகத்திக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும், "நேத்து ராத்திரி எங்கே தூங்கினீங்க?" என்று கேட்டுவிடுவாள். ஒரு கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரருடைய மாமாவிடமே இதைக் கேட்டு வைத்தாள். முதல் நாள் மாலையே வந்து சேர்ந்திருக்க வேண்டிய மனிதர், அன்று காலையில்தான் வந்திருந்தார். பக்கத்தில் நின்ற அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அக்கா, அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், ஒன்றும் அறியாதவள் போல, "தொழில் தோஷம் மாமா, தப்பா நினைக்காதீங்க" என்று நகர்ந்துவிட்டாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கை கழுவும் இடத்துக்கு ஓடினேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்களும் யாரையும் ஏமாற்றவில்லை, தினம் ஒரு சண்டை உண்டு. அவளுக்கு எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும். ஈரத் துண்டைக் காயப்போடுவதற்குக்கூட அவளிடம் ஒரு முறை இருக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கீழே என் சலவைக்கடை, மாடியில் குடித்தனம். சண்டை மாடியில் ஆரம்பித்துக் கடையில் வந்து முடியும். துணி போட வந்தவர்கள் பஞ்சாயத்துப் பண்ணிவிட்டுப் போவார்கள்.

முன்பு அக்கா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலையில் இருந்தாள். கதவைத் தட்டுவதில் அவளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. மெதுவாக மூன்று தட்டு, பிறகு காத்திருப்பாள். எந்த முரட்டு ஆளும் திறந்துவிடுவான். பிறகு மீட்டர்கள் தாமாகவே கணக்கு அனுப்ப ஆரம்பித்தன, வேலை போயிற்று. அதே வருஷம் அவள் கணவரும் போய்ச் சேர்ந்தார். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. காலையில் கண் இரண்டும் சிவந்து வந்து நிற்பாள். ஒருநாள் நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டேன்.

"அண்ணி பயப்படறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல. பக்கத்துல ஒரு ஆள் மூச்சு விடற சத்தம் வேணும். அவ்வளவுதான்."

மாதக்கணக்கில் அங்கேயே படுத்தேன். அவள் மறுபடி குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தேன். அந்தக் குறட்டையைக் கேட்டால் யாருமே திரும்பித்தான் வருவார்கள்.

அப்புறம்தான் இந்த ஆய்வு வேலை கிடைத்தது. கடுமையான மனநோயோடு தெருவிலேயே வாழ்கிறவர்களுக்கு எந்த உதவி உண்மையில் பயன்படுகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி நடத்தினார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு முதலில் ஓர் அறையும் சாவியும். மாத்திரை சாப்பிட்டால்தான் அறை, ஒழுங்காக இருந்தால்தான் அறை என்ற நிபந்தனையே கிடையாது. மற்ற பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருப்பதுதான், இரவு விடுதியும் வெளி நோயாளிப் பிரிவும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை இரு பக்கத்தாரையும் பார்த்து, எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுக் குறிக்க வேண்டும். கேட்பது அக்காவின் வேலை. கேட்பதற்கு முன் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். முகவரியே இல்லாதவர்களைத் தேடிப் போகிற வேலை அது. பொதுக் குழாயடி, நூலகத்தின் பின்பக்கம், டீக்கடை பெஞ்சு என்று சுற்றி எப்படியும் பிடித்துவிடுவாள். ஒருவரையும் தவறவிட்டதில்லை என்று அவளுக்குப் பெருமை.

அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கேட்கலாம், கொடுக்கக் கூடாது. கேட்கிற ஆளே உதவி செய்ய ஆரம்பித்தால், எது பலித்தது என்று யாருக்குத் தெரியும்?

"அப்ப பசிக்குதுன்னு கேட்டா ஒரு துண்டு ரொட்டிகூட குடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"உங்க மனசு என்ன கல்லாக்கா?"

"கல்லு இல்லடி, தராசு. நிறுக்கும்போது தட்டுல கை வைக்கக் கூடாது."

இப்படிப் பேசினால் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது. ஆனால் அன்று மாலை அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாள். அதையும் பார்த்திருக்கிறேன்.

பஸ் நிலையத்தில் கடைசி நடைமேடை, மூடிப்போன டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கூரைக்குக் கீழேயே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து யாரோ ஓயாமல் பேசுவது அவளுக்குக் கேட்கும், குடை விரித்தால் கொஞ்சம் மட்டுப்படுமாம். எல்லோருக்கும் அவள் குடையம்மா. இன்னொருத்தி தாமதமாக வருகிற பஸ்களை நிற்க வைத்துத் திட்டுவாள். "இப்பதான் விடிஞ்சுதா உனக்கு? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!" டிரைவர்கள் சல்யூட் அடித்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு டீச்சர் என்று பெயர். நிஜமாகவே டீச்சராக இருந்தாளா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு பேரையும் அக்கா ஒரே காலையில் ஆய்வில் சேர்த்தாள். ஒவ்வொருவரையும் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது. அதனால் குடையம்மாவிடம் பேசும்போது டீச்சரைக் குழாயடிக்கு அனுப்பினாள், டீச்சரிடம் பேசும்போது குடையம்மாவை அனுப்பினாள். உங்களுக்குச் சொந்தம் என்று யாராவது உண்டா என்று இருவரிடமும் கேட்டாள். யாருமில்லை என்று இருவரும் சொன்னார்கள். கம்ப்யூட்டர் குடையம்மாவுக்கு அறை கொடுத்தது. டீச்சருக்கு இல்லை.

அறை எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சலூனுக்கு மேலே. கட்டில், சிறிய அடுப்பு, குளியலறை, படியேறி வரும் நடையைப் பார்த்த ஜன்னல். ஆய்வு அறைகளின் படுக்கை விரிப்புகள் வாராவாரம் என்னிடம்தான் சலவைக்கு வரும். நான் விரிப்பை மடித்தால் கடைசி மடிப்பை உள்ளே செருகுவேன், பிரிக்காமல் அந்தச் செருகல் விடாது. ஆரம்பத்தில் குடையம்மாவின் விரிப்பு ஒழுங்காகக் கசங்கித்தான் வந்தது. பிறகு ஒரு வாரம் செருகல் கலையாமல் அப்படியே திரும்பி வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் எனக்குச் சுரீர் என்றது.

"அக்கா, உங்க குடையம்மா அந்தக் கட்டில்ல படுக்கறதே இல்ல" என்று சாப்பிடும்போது சொன்னேன்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு மாதம் ஆள் தங்காவிட்டால் அறை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் அத்தனை பேர். தூக்கமே வரவில்லை என்று குடையம்மா சொன்னதாகவும், நோய் மறுபடி தலைதூக்குகிறது போல, மாத்திரை அளவைக் கூட்ட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னதாகவும் அக்கா காதில் விழுந்திருந்தது. ஆய்வை நடத்துகிறவரே அவர்தான். அறைக்குச் சொந்தக்காரரான சலூன்காரரோ, "கழுதை கெட்டா குட்டிச்சுவர். பழைய இடத்துக்கே போயிருப்பாங்க" என்று என்னிடமே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நானும் அதையேதான் நினைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் அக்கா பஸ் நிலையத்தில் டீச்சரைப் பார்க்க வேண்டிய முறை. நானும் கிளம்பினேன்.

"நீ எதுக்கு?"

"மூணு வாரமா என் சலவையை அவமானப்படுத்தறது யாருன்னு நான் பார்க்க வேண்டாமா?"

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பெஞ்சில் டீச்சர் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் குடையம்மா. குடை விரித்தபடி, முதுகு நிமிர்ந்து, வருகிற போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பது அக்காவின் சொந்த விதி. ஒரு தூணுக்குப் பக்கத்தில் காத்திருந்தோம்.

டீச்சர் எழுந்து கண்ணைத் துடைத்தாள். குடையம்மா குடையை அவள் கையில் கொடுத்தாள். டீச்சர் எழுந்த இடத்திலேயே, அந்தச் சூடு ஆறுவதற்குள், குடையம்மா படுத்தாள். படுத்த உடனே தூங்கிப்போனாள். டீச்சர் குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு டீச்சரிடம் போனாள். டீச்சருடைய குரல் நிலையம் முழுக்கக் கேட்கும், நான் எங்கே தள்ளி நின்று என்ன?

"நேத்து ராத்திரி எங்கே தூங்கினீங்க?"

"இங்கதான். பாதி."

"மீதி?"

"மீதி நேரம் முழிச்சிருந்தேன். இவ தூங்க வேண்டாமா? குடை யார் கையில இருக்கோ அவ முழிச்சிருக்கணும்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"இவளுக்கு முடி நரைக்கறதுக்கு முன்னாடியிலிருந்து."

"இவங்களுக்குத்தான் ரூம் இருக்கே?"

"இருக்கு. கதவு இருக்கு, பூட்டு இருக்கு. முழிச்சிருக்க ஆள் எங்க? அங்க தனியா இவ எப்படித் தூங்குவா? இங்க தனியா நான் எப்படித் தூங்குவேன்? பாவம், கொஞ்ச நாள் முயற்சி பண்ணினா. நானும் பண்ணினேன். ரெண்டு பேரும் ஃபெயில்."

"சொந்தம்னு யாருமில்லன்னு சொன்னீங்களேம்மா."

டீச்சர் அவளை மக்கு மாணவியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இவ சொந்தமா? சொந்தக்காரங்க எப்ப குடை பிடிச்சாங்க? இவ இவதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கடை வாசலுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாண்டி தனித்தனியா கேட்டேன். ஒருத்தரைக் குழாயடிக்கு அனுப்பி, ஒருத்தரைக் கிட்ட வச்சு. ரெண்டு பேரையும் சேர்த்து ஒருநாள்கூட நான் பார்க்கல."

அழுதாள். எனக்கு அந்தத் தலையணை ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். ஆனால் எனக்குப் பரிவு வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "தராசு தராசுன்னு ரெண்டு உயிரைப் பிச்சு ஆளுக்கொரு தட்டுல வச்சிருக்கீங்க. இப்ப அழுதா ஆச்சா? போய்ச் சொல்லுங்க டாக்டர்கிட்ட."

"நான் கேக்கற ஆளு. இதுல தலையிட்டா வேலை போயிடும்."

"போனா போகட்டும். என் கடையில இஸ்திரி போட ஆள் வேணும்."

"உன்கிட்டயா? அதுக்கு நான் பஸ் நிலையத்துலயே படுத்துக்கலாம்" என்று மூக்கைச் சிந்தினாள். ஆனால் மறுநாள் போனாள்.

அங்கே நடந்ததை மாலையில் சொன்னாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாராம். தூக்கமில்லை என்றதும் நோய் என்றுதான் தனக்குத் தோன்றியது, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை என்றாராம். அப்புறம், "சீட்டை மாத்த முடியாதும்மா. ஒருத்தருக்காக மாத்தினா இந்த ஆய்வை யாரும் நம்ப மாட்டாங்க. நம்பலைன்னா, மத்தவங்களுக்கு அறை வேணும்னு நான் எங்க போய் நிக்கறது?" என்றாராம். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆனா அது அவங்க வீடு. யாரைக் கூட வச்சுக்கறதுன்னு அவங்கதான் சொல்லணும். ஒருத்தர் மட்டும்னு ஒப்பந்தத்துல போட்டது ஆய்வுக்காக இல்ல. நாம யோசிக்காம போட்டது" என்றாராம்.

அக்கா சும்மா வருவாளா? "டீச்சர் மத்தப் பக்கத்து ஆள் சார். அவங்களும் அறையில தூங்கினாங்கன்னு எழுதினா வித்தியாசம் குறைஞ்சு, அறை குடுத்த நம்ம பக்கம் தோத்த மாதிரி ஆயிடுமே."

"நமக்கு ஏதும்மா பக்கம்? நடந்ததை எழுதுங்க."

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி. தராசு பிழைத்துவிட்டது அல்லவா!

குடையம்மாவிடம் டாக்டரே போய்க் கேட்டார். "ஒருத்தர் மட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அனுமதி இல்லை என்றதும் யாரிடமும் வாய் திறக்காமல், மாலையானால் குடையை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு நடந்திருக்கிறாள். அவ்வளவு விதிப்படி நடக்கிற இன்னொரு பெண்ணை என் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தவர் சலூன்காரர். அவரிடம் பேச டாக்டர் முடிவெட்டிக்கொள்கிற சாக்கில் போய் உட்கார்ந்தார். நான் அப்போது துண்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன். டாக்டர் தலையில் காதோரம் மட்டும்தான் முடி.

"இதுல நான் எதை வெட்ட?" என்று சலூன்காரர் கேட்டார்.

"இருக்கறதைப் பார்த்து வெட்டுங்க" என்று டாக்டர் விஷயத்துக்கு வந்தார். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "ஒருத்தர்னுதான் பேச்சு. அந்த டீச்சரம்மா பஸ்ஸையே விட மாட்டாங்க, என் கஸ்டமரை விடுவாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க ரேடியோ நாள் முழுக்கக் கத்துது. இந்தத் தெருவே பொறுத்துக்கலையா? அவங்களாவது நேரத்துக்கு வான்னு திட்டறாங்க. உங்க ரேடியோ யாரைத் திருத்துச்சு?"

டாக்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார். சலூன்காரர் முணுமுணுத்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன், சத்தம் வந்தால் இரண்டு பேருமே காலி பண்ண வேண்டும் என்றார். இருந்த ஒருத்தியின் அறையும் சேர்ந்து போய்விடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாய் என்னைச் சும்மா விடுவதே இல்லை.

டீச்சர் வந்தாள். சொட்டுகிற குழாயைத் திட்டினாள், மெல்லிசாக. இன்னொரு சிறிய கட்டில் போட்டார்கள், நான் இரண்டு விரிப்பு அனுப்பினேன். அடுத்த வாரம் ஒன்று கசங்கி வந்தது. கசங்கின துணியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. இன்னொன்று செருகல் கலையாமல் வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பூட்டிய கதவுக்குள்ளும் ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறாள். வீட்டுக்குள் குடை எதற்கு என்று சலூன்காரர் புலம்பினார். "ஏதாவது சொல்லுங்களேன் அவங்ககிட்ட" என்றேன் அக்காவிடம். "நான் கேக்கற ஆளுடி" என்றாள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

மாதம் முடிகிற வாரம், குடையம்மாவிடம் கேள்வி கேட்க வேண்டிய நாள் வந்தது. சலவை மூட்டையோடு நானும் போனேன். சலூன்காரர் படியடியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்கு மேலே சத்தமே இல்ல. குழாயைத் திட்டற சத்தம்கூட இல்ல. எனக்கென்னவோ சரியாப் படல."

அக்கா வேகமாக ஏறினாள். மெதுவாக மூன்று தட்டு. காத்திருந்தாள். மறுபடி மூன்று. பதில் இல்லை. சலூன்காரர் மாற்றுச் சாவியை நீட்டினார்.

"வேண்டாம். அவங்க வீடு" என்றாள் அக்கா.

எனக்கு விதியும் கிடையாது, பொறுமையும் கிடையாது. ஜன்னல் பக்கம் போனேன். திரை ஓரமாக விலகியிருந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது குடைதான். சுருட்டி, பட்டை கட்டி, சுவரில் ஆணியில் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு கட்டிலில் டீச்சர், வாய் லேசாகத் திறந்தபடி. இன்னொன்றில் குடையம்மா. இரண்டு பேருடைய போர்வையும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள், கதவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று சலூன்காரர் கீழேயிருந்து கையால் கேட்டார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். ஏறி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ரேடியோ நின்றது.

வெயில் படிக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது. குடையம்மா கையில் குடை இல்லாமல் நின்றாள். அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். வேலைக்குரல் வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி எங்கே தூங்கினீங்க?"

குடையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பாயிடுச்சும்மா. ரெண்டு பேருமே தூங்கிட்டோம்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். சரி, இவளை நம்பினால் ஆகாது என்று நான் முந்திக்கொண்டேன்.

"சலவைக்கு விரிப்பு இருக்காம்மா?"

"ரெண்டு இருக்கு" என்றாள் குடையம்மா.